கூதிரும் கூதலும்

மதுரை வெயிலுக்குப் பேர்போன ஊர். சித்திரை, வைகாசித் திங்கள்களில் வெப்பமானி 40 பாகை செல்சியசைத் தொடுவதும் உண்டு. மார்கழி, தைத் திங்கள்களின் விடியற்காலையிலும் அது பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும். இத்தகைய ஊரில் கடுங்குளிரைக் குறிக்கும் சொல்லுக்கு என்ன வேலை என்று மாணவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், ஐப்பசி அடைமழை நாளொன்றில் மேலூர்ப் பக்கமோ திருமங்கலத்துப் பக்கமோ ஒரு சிற்றூருக்குச் சென்று பாருங்கள். திண்ணையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு முடங்கியிருக்கும் மூதாட்டியிடம் நலம் வினவினால், அவர் 'குளிர்கிறது' என்று சொல்லமாட்டார். 'கூதலடிக்குதப்பா' என்றே சொல்வார். அந்தக் கூதல் என்னும் சொல்லைப் பற்றியே இப்பாடத்தில் காணப்போகிறோம்.

நான் மாணவனாக இருந்த காலத்தில் ஒரு நிகழ்ச்சி. மழைக்காலத்தைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு வகுப்பில் பணிக்கப்பட்டோம். உழவர் குடியிற் பிறந்த என் தோழன் ஒருவன், 'கூதற்காற்று வீசியது' என்று எழுதியிருந்தான். ஆசிரியர் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'கொச்சை' என்று ஓரத்தில் குறித்து, மேலே 'குளிர்காற்று' என எழுதிக் கொடுத்தார். தோழன் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. ஆனால், அன்றுமுதல் தன் வீட்டார் பேசும் சொற்களைப் பள்ளிக்கு வெளியிலேயே விட்டுவரக் கற்றுக்கொண்டான். அடிபட்ட அச்சொல் உண்மையில் கொச்சையா என்பதை ஆராய்ந்து பார்ப்போம்.

கொச்சை என்பது சிதைந்த சொல். 'இருக்கிறது' என்பதை 'இருக்கு' என்பதும், 'காற்று' என்பதைக் 'காத்து' என்பதும் பேச்சில் நேரும் சிதைவுகள். கூதலோ அவ்வாறு சிதைந்து பிறந்ததன்று. கூதிர் என்னும் பழஞ்சொல்லின் உடன்பிறப்பு அது. கூதிர் என்பது குளிர்காற்றுக்கும் பெயர். அக்காற்று வீசும் பருவத்துக்கும் பெயர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் கூதிரும் உண்டு, கூதலும் உண்டு. பேரகராதியில் இடம்பெற்ற சொல்லுக்குக் கட்டுரை ஏட்டில் இடமில்லை என்பது முறையாகுமா? கற்றறிந்தோர் கூதிரை ஏட்டில் வைத்துக் காத்தனர். கல்லாதார் கூதலை நாவில் வைத்துக் காத்தனர். கூம்பு, கூசு, கூன் முதலிய சொற்களோடு இதனை இணைத்து, உடல் கூம்பச் செய்வது கூதல் என்று வேர் காட்ட எண்ணுவாரும் உளர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒலி ஒத்திருப்பது கண்டவுடன் உறவு கொண்டாடுதல் சொல்லாராய்ச்சிக்கு ஆகாது. அதனை விடுத்து வழக்காற்றுக்கு வருவோம்.

பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் என்பது நீங்கள் அறிந்ததே. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. எஞ்சிய நான்கு திங்களும் இளவேனிலும் முதுவேனிலும். தொல்காப்பியர் கூதிர்ப் பருவத்தையும் நள்ளிரவாகிய யாமத்தையும் குறிஞ்சித் திணைக்கு உரிய பொழுதுகளாக வகுத்துரைத்தார். மலைநாட்டு மழைக்கால நள்ளிரவை ஒருமுறையேனும் கழித்தவர்க்கு அவ்விரண்டும் ஒருங்கு வைக்கப்பட்டதன் பொருத்தம் விளங்கும். வடமொழியார் கூறும் சரத்காலம் நாட்கணக்கில் நம் கூதிரோடு ஒத்துவரும். ஆனால், வடநாட்டில் சரத்காலம் மழை நீங்கி வானம் தெளிந்திருக்கும் காலம். நமக்கோ அதுவே வடகிழக்குப் பருவமழைக் காலம். இரண்டையும் ஒன்றென மொழிபெயர்த்தல் பஞ்சாங்கத்துக்குப் பொருந்தும், வானத்துக்குப் பொருந்தாது.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. வெப்பமானியைப் பார்த்தால் மார்கழி, தையில்தான் வெப்பம் மிகத் தாழ்கிறது. அவ்வாறிருக்க, குளிருக்குரிய பெயரை ஐப்பசி, கார்த்திகைக்கு வைத்தது ஏன்? முன்பனிக் காலத்தைக் கூதிர் என்றிருக்கலாகாதா?

விடை எளிது. வெப்பமானி காற்றின் வெம்மையை மட்டும் அளக்கிறது. மனிதன் உணரும் குளிரை அளப்பதில்லை. மதுரை வட்டாரம் ஆண்டு முழுவதிலும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் பெய்து விடுகிறது. அந்நாள்களில் கதிரவன் முகங்காட்டுவதில்லை. உடுத்த உடை நனைகிறது; உலர்த்திய உடை உலர்வதில்லை. நனைந்த உடலின்மேல் காற்று வீசினால், நீர் ஆவியாகும்போது உடலின் வெம்மையையும் உடன்கொண்டு போகிறது. ஆதலால் 22 பாகையில் நனைந்து நிற்பவன், 20 பாகையில் உலர்ந்த போர்வைக்குள் இருப்பவனைவிடப் பெரிதும் நடுங்குகிறான். குளிரோடு ஈரமும் காற்றும் கூடியதே கூதல். வெறுங்குளிர் வேறு, கூதல் வேறு. சிற்றூர் மக்கள் இவ்விரண்டையும் மயங்கச் சொல்வதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள். பானை நீர் குளிர்ந்திருக்கும். அதனைக் கூதலாக இருக்கிறது என்பார் எவருமில்லை. 'கூதக்காத்து' என்று காற்றோடு சேர்த்துச் சொல்வதே பெருவழக்கு. வயலில் நாற்று நடுவோரும், ஆட்டுக்கிடையில் இரவைக் கழிப்போரும், சாக்கினை மடித்துக் கொங்காணியாகத் தலையில் இட்டுக்கொண்டு வேலைக்குச் செல்வோரும் படைத்துக் காத்த சொல் அது. அடித்தெழுதிய ஆசிரியர் கொடுத்த 'குளிர்காற்று' மாலையில் வைகைக் கரையில் உலாவுவார்க்கு இன்பம் தருவது. தோழன் எழுதிய கூதற்காற்று அவன் தந்தையை நடுங்கச் செய்தது. சொல் மாறியபோது செய்தியும் மாறிவிட்டது.

கூதிர்ப் பருவத்தின் முழு உருவையும் காண விரும்புவோர் நெடுநல்வாடையைக் கற்றல் வேண்டும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூல் 188 அடிகளை உடையது, நக்கீரர் இயற்றியது. பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையுடன் டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பதிப்பித்தார். வடக்கிலிருந்து வீசுவது வாடை; தெற்கிலிருந்து வீசுவது தென்றல்; கிழக்கிலிருந்து கொண்டல்; மேற்கிலிருந்து கோடை. கணவனைப் பிரிந்திருக்கும் அரசிக்கு அவ்வாடைக்காலம் நீண்டு தோன்றுதலின் 'நெடு' என்றும், பாசறையில் வெற்றி காணும் அரசனுக்கு நல்லதாய் அமைதலின் 'நல்' என்றும் அந்நூற்பெயருக்குப் பொருள் உரைப்பர். ஒரே காற்று ஒருவருக்கு நெடியது, மற்றொருவருக்கு நல்லது.

நூலின் தொடக்கத்தில் நாம் காண்பவர் அரசருமல்லர், அரசியுமல்லர். மாடு மேய்க்கும் கோவலரே நம்முன் வருகின்றனர். வெள்ளம் சூழ்ந்தமையால் தம் நிரைகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, பழகிய இடத்தைப் பிரிந்த வருத்தத்தோடு, பலர் ஒன்றுகூடித் தீயில் கைகளைக் காட்டிக் கன்னம் துடிக்க நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறந்து நிற்கின்றன. குரங்குகள் ஒடுங்குகின்றன. மரத்திலிருந்து பறவைகள் கீழே விழுகின்றன. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்து விலக்குகிறது. இவற்றையெல்லாம் சொல்லிய புலவர், மலையையே குளிரச் செய்வது போன்ற கூதிர் நள்ளிரவு என்கிறார். உயிரற்ற கல்மலைக்கும் குளிர் உண்டாயிற்று என்னுமளவுக்குச் சொன்னபின் வேறென்ன சொல்லக் கிடக்கிறது?

ஆனால், அவர் நிறுத்தவில்லை. நகருக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். அந்நகரின் பெயர் பாட்டில் வெளிப்படக் கூறப்படவில்லை. அரசன் பெயரும் இல்லை. ஆயினும், வேலின் தலையில் வேம்பு சூட்டியிருந்தமை கூறப்படுதலின், அரசன் பாண்டியன் என்பதும், ஆகவே இது அகப்பாட்டன்று புறப்பாட்டு என்பதும் பெறப்படும் என்பர் உரையாளர். அவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்பதும், நகர் மதுரை என்பதும் வழிவழி வந்த கொள்கை. அந்நகர மக்களுக்குப் பகல் எது, மாலை எது என்று தெரியவில்லை. கதிரவன் மறைந்து பல நாள்கள் ஆயின. மகளிர் பிச்சியின் அரும்புகளைத் தட்டில் வைத்துக் காத்திருக்கின்றனர். அவை மலர்ந்து மணம் வீசும்போது மாலை வந்துற்றதென உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். நாழிகை காட்டும் பொறியாக மலரரும்பு பயன்பட்டது! வீட்டு இறப்பில் வாழும் புறாக்களும் இரவென்றும் பகலென்றும் அறியாமல், இரை தேடப் போகாமல், கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கின்றன. மழைநாளில் நம் மீனாட்சியம்மன் கோயிற் கோபுரத்து மாடங்களில் ஒதுங்கும் புறாக்களை நிமிர்ந்து பாருங்கள். இன்றும் அவ்வாறுதான் நிற்கும்.

வீட்டினுள்ளே பயனற்றுக் கிடக்கும் பொருள்களைப் புலவர் ஒவ்வொன்றாகச் சுட்டிச் செல்லும் அழகு தனியானது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறி முளையில் தொங்கி அதன்மேல் சிலந்தி நூல் பின்னுகிறது. தென்றல் நுழையும் சாளரங்கள் அடைக்கப்பட்டுவிட்டன. குறுகிய வாயையுடைய கலத்திலுள்ள தண்ணீரை எவரும் பருகவில்லை. அகன்ற வாயையுடைய தடவில் மூட்டிய தீயையே அனைவரும் நாடுகின்றனர். தடவு என்பது நெருப்பிடும் சட்டி. பிற்காலத்தார் கணப்பு என்றது அதனையே. ஆடல் மகளிரின் யாழ் நரம்புகள் குளிரால் தம் நிலை திரிந்துவிட்டன. அவர்கள் தம் மேனியின் வெம்மையால் அவற்றைச் சூடேற்றிப் பண்ணுக்கு இசைவிக்கின்றனர். ஒரு கருத்து இங்கு நோக்கத்தக்கது. சந்தனம், விசிறி, சாளரம், தண்ணீர்க் கலம் என்பன அனைத்தும் வெப்பத்தைத் தணிக்க அமைந்தவை. வெப்பத்துக்காகவே கட்டப்பட்ட வீட்டில் கூதிர் வந்து புகுந்தால் என்னாகும் என்பதை அப்பட்டியல் காட்டுகிறது. குளிர்நாட்டார் வீட்டில் குளிர்காலம் வந்தால் பெட்டியிலிருந்து கம்பளி வெளிவரும், நம் வீட்டில் விசிறி சுவரில் ஏறும், அவ்வளவே. இதனாலன்றோ குறைந்த குளிரும் நமக்குக் கடுங்குளிராகிறது!

இனி, குளிர் என்னும் சொல்லை நோக்குவோம். வெப்ப நாட்டில் குளிர் பெரும்பாலும் வாழ்த்துச் சொல்லே. கண்குளிரக் கண்டேன், செவிகுளிரக் கேட்டேன், வயிறு குளிர உண்டேன், மனம் குளிர்ந்தது என்கிறோம். அரசனின் அருள் தண்ணளி. நெஞ்சின் இரக்கம் ஈரம். குளிர்நாட்டு ஆங்கிலேயர் அன்பான வரவேற்பை வெம்மையான வரவேற்பு என்பர். அன்பற்றவனைக் குளிர்ந்தவன் என்பர். நம் நாட்டில் விருந்தினரை வெம்மையாக வரவேற்றால் அவர் வந்தவழியே திரும்பிவிடுவார்! அங்கு அடுப்பங்கரை அன்பின் இடம்; இங்கு மரநிழல் அன்பின் இடம்.

வேற்றுமை உருபு ஒன்று மாறினால் இச்சொல்லின் பொருள் தலைகீழாகும் புதுமையையும் காண்க. 'நான் குளிர்ந்தேன்' என்று எழுவாயாக வைத்தால் மகிழ்ந்தேன் என்று பொருள்படும். 'எனக்குக் குளிர்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் வைத்தால் வருந்துகிறேன் என்று பொருள்படும். பசிக்கிறது, வலிக்கிறது, வியர்க்கிறது என்பனவும் இவ்வாறே நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்பவை. நாம் செய்யாமல் நம்மேல் வந்து நிகழ்பவை. கூதலுக்கோ இன்பப் பொருளே கிடையாது. மனம் கூதலடித்தது என்று எவரும் சொல்லார். துன்பத்தைத் தவிர வேறொன்றும் சுட்டாத சொல் அது.

குளிர் காய்தல், குளிர்காய்ச்சல் என்னும் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பவை குளிர், காய் என்னும் இரு சொற்களே. முன்னது நெருப்பருகே இருந்து குளிரைப் போக்கிக் கொள்ளுதல், பின்னது நோய். காய்ச்சலில் உடல் கொதிக்கும்போதே குளிர் நடுக்குவது முரணாகத் தோன்றும். நோயை எதிர்க்கும் பொருட்டு உடல் தன் வெம்மையளவை உயர்த்திக் கொள்ள முற்படுகிறது; அவ்வளவை எட்டும்வரையில் இருக்கும் வெம்மை போதாதென்று தோன்றுதலால் குளிர்கிறது; தசைகள் நடுங்கி வெம்மையை ஆக்குகின்றன. நோயாளி 'கூதலோடு காய்ச்சல் வருகிறது' என்று சொன்னால் அது மருத்துவருக்கு உதவும் குறிப்பு. நடுக்கத்தோடு விட்டுவிட்டு வரும் காய்ச்சல் மலேரியாவாகவும் இருக்கக்கூடும். அச்சொல்லின் பொருளறியாத மருத்துவர் அக்குறிப்பை இழப்பார். ஆகவே, வட்டாரச் சொல் கற்பது புலவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று.

தண் என்னும் சொல்லும் குளிரைச் சுட்டுவதே. தண்மையான நீர் தண்ணீர். ஆனால், நாம் பொருளை மறந்து, 'சுடுதண்ணீர்' என்று கூசாமல் சொல்கிறோம்! வெந்நீர் என்ற நல்ல சொல் இருக்க, இது ஏனோ? தெலுங்கர் குளிர்ந்த நீரைச் 'சன்னீள்ளு' என்பர். அதுவும் நம் தண்ணீரின் உறவே. குளிருக்கு அவர்கள் வழங்கும் சொல் 'சலி'. கன்னடர் வழங்குவது 'சளி'. மதுரையிலோ சளி என்றால் மூக்கிலும் நெஞ்சிலும் தங்கும் கோழை. அண்டை மொழிகளில் நாடு முழுவதும் பரவி வீசும் குளிர், தமிழில் மூக்களவில் சுருங்கிவிட்டது. தென்பாண்டி மக்கள் அந்நோயைத் தடுமன் என்றும் சொல்வர். மதுரைத் தெருக்களில் விற்கும் ஜிகர்தண்டா என்னும் பருகுபொருளில் உள்ள 'தண்டா' நம் தண் என்று மாணவர் சிலர் கருதுகின்றனர். அது உருது வழி வந்த சொல். குளிர்ச்சி என்பதே அதன் பொருள். பொருள் ஒன்றாக இருப்பினும் குடி வேறு. கூதற் காலத்தில் அதனை நாடுவார் குறைவு. சூடான பருத்திப்பாலும் சுக்குநீரும் அவ்விடத்தைப் பிடித்துக் கொள்ளும்.

பனி என்னும் சொல்லிலேதான் இன்று மிகுந்த மயக்கம் நேர்கிறது. மதுரைச் சமவெளியில் பனி என்றால் புல் நுனியில் அரும்பும் நீர்த்துளி. அல்லது விடியலில் சாலையை மறைக்கும் மூடுபனி. தெளிந்த வானமுள்ள இரவில் நிலம் தன் வெம்மையை இழக்க, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து துளியாகிறது. 'தைப்பனி தரையைத் துளைக்கும். மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பது பழமொழி. மச்சு என்பது வீட்டின் மேல்தளம். பழந்தமிழில் பனித்தல் என்பதற்குத் துளித்தல், நடுங்குதல் என இருபொருளும் உண்டு. கண் பனித்தது என்பதில் துளி இருக்கிறது. உடல் பனித்தது என்பதில் நடுக்கம் இருக்கிறது. நீர் கட்டியாக உறைவதைச் சமவெளித் தமிழர் கண்டது பெரும்பாலும் ஆலங்கட்டி மழையில்தான், அதுவும் கோடையிலேதான்! கொளுத்தும் சித்திரை வெயிலின் பின்மாலையில் வானிலிருந்து பனிக்கட்டி விழுவதைவிட வியப்பு வேறென்ன?

இந்நாளில் ஒரே பனி என்னும் சொல்லால் பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பஞ்சுபோல் பொழியும் பனி ஆகிய யாவற்றையும் குறிக்கிறோம். நாளிதழில் 'உதகையில் உறைபனி' என்று படித்து, அங்கு இமயமலைபோல் பனி பொழிகிறதென நினைத்துப் புறப்படுவோர் உண்டு. உறைபனி பொழிவதன்று, தரையிலும் இலையிலும் படிந்த நீராவி உறைந்து வெள்ளைப் பூச்சாகத் தோன்றுவது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கும். ஆதலால் மேட்டைவிடப் பள்ளத்திலேயே உறைபனி மிகுதி. அதில் அகப்பட்ட தேயிலைக் கொழுந்து 'கருகியது' என்பர் தோட்டத்தார். இலையினுள்ளிருக்கும் நீர் உறைந்து உயிரணுக்களைச் சிதைத்தபின் கதிரவன் பட்டவுடன் இலை கருநிறமாகிறது. நெருப்புக்குரிய வினையைக் குளிருக்குத் தந்த அம்மக்களின் சொல்லாட்சி பொருத்தமானதே.

குளிர் மிக மிக, உடல் படும் நிலைகளைத் தமிழ்ச் சொற்கள் வரிசையாகவே சொல்லிவைத்திருக்கின்றன. முதலில் மயிர் சிலிர்க்கிறது. பின்பு உடல் நடுங்குகிறது. பல்லோடு பல் மோதக் கொடுகொடுக்கிறது. அடுத்து விரல்கள் மரத்துப் போகின்றன. முடிவில் உடல் விறைக்கிறது. இவ்வரிசையை மாணவர் மனத்திற் கொள்க. உடலின் இயல்பான வெம்மை 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. நடுக்கம் உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சி. வெம்மை மேலும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும், பேச்சு குழறும், உறக்கம் வரும். நடுக்கம் நின்றது கண்டு, குளிர் விட்டது என்று அருகிலிருப்பவர் மகிழ்ந்து வாளாவிருந்தால் உயிருக்கே தீங்காகும். ஈர உடையை நீக்கி, உலர்ந்த துணியாலும் கம்பளியாலும் போர்த்து, விரைந்து மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். மதுரையிலிருந்து மார்கழியில் மெல்லிய பருத்தியாடையோடு கொடைக்கானலுக்குப் புறப்படுவோர் இதனை அறிந்திருத்தல் நலம். அம்மலையூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் ஏறத்தாழ 6 பாகை வெம்மை குறையும். கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக் கொள்ளலாம். கைக்குழந்தைகளும் முதியோரும் பிறர்போல் விரைவில் வெம்மையை ஆக்கிக்கொள்ள இயலாதவர்கள்.

உலகில் மிகக் கடிய குளிர் அளந்தறியப்பட்ட இடங்களுள் தலையாயது தென்துருவக் கண்டத்திலுள்ள வாசுடாக்கு நிலையம். அங்கு 1983ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் வெப்பமானி சுழிக்குக் கீழே 89.2 பாகையைக் காட்டியது. அக்கண்டத்தின் வேறு பகுதிகளில் நம் நாட்டின் மைத்திரி, பாரதி ஆகிய ஆய்வு நிலையங்கள் இயங்கி வருகின்றன. அக்குளிரைச் சுட்ட நம்மிடம் சொல் உண்டோ எனின், விறைத்தல் என்பதே போதும்; இறந்த உடலுக்கும் அதே சொல்லை நாம் வழங்குகிறோம்.

பழனி மலைப்பக்கத்தை ஆண்ட பேகன், மயிலொன்றின் அகவலைக் கேட்டு, அது குளிரால் வருந்துகிறதென இரங்கித் தன் போர்வையை அளித்தான் என்பது நீங்கள் கீழ்வகுப்பிலேயே படித்த செய்தி. மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்போர் உண்டு. அம்மலைச் சாரலின் கூதலில் தானும் நின்று நடுங்கியவனுக்கே அவ்வாறு தோன்றியிருக்கும் என்பது என் கருத்து.

எல்லார்க்கும் போர்வை அவ்வாறு கிடைத்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய சமவெளிப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சிய மக்கள் பல்லாயிரவர் இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்றனர். முதலில் காப்பித் தோட்டங்கள். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்கள். மழையும் மேகமும் மூடிய அம்மலைகளில், நுவரெலியா போன்ற இடங்கள் 1,800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளன. வெயிலிலேயே பிறந்து வளர்ந்த அம்மக்களுக்கு ஆண்டு முழுவதும் கூதிர்ப் பருவமே வாய்த்தது. கூதல் என்னும் சொல்லை அவர்கள் மறக்கவில்லை. இன்றும் மலையகத் தமிழில் அது வழங்குகிறது. கொழுந்து பறிக்கும் மகளிர் மழையில் தலைமேல் இட்டுக்கொள்ளத் தோட்டத்தார் முரட்டுக் கம்பளி வழங்கினர். அதன் விலை தொழிலாளியின் பற்றுக் கணக்கில் ஏறியது; கூலியிலிருந்து பிடித்துக்கொள்ளப்பட்டது.